ராட்டினம் சுத்தின கடை

நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல 2001-ல ஒரு பொம்மைக்கடை திறந்தாங்க. பேரு 'டாய்ஸ் ஆர் அஸ்'. கடைக்குள்ளேயே 60 அடி உசர ராட்டினம், உறுமுற டைனோசர்! வாங்கக் காசு இல்லேன்னாலும் வேடிக்கை பார்க்கலாம். 2015 டிசம்பரோட மூடுவிழா. 2018-ல அமெரிக்கா முழுக்க இருந்த கிளைகளும் காலி. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு வேலை போச்சு.

'எல்லாம் ஆன்லைன் பண்ற வேலை'னு மட்டும் சொல்லிடாதீங்க பாஸ். 2000-லயே இணைய விற்பனையை அமேஸான் கையில கொடுத்தது இவங்கதான். 2005-ல கம்பெனி கைமாறினப்போ கோடிக்கணக்குல கடன் ஏறுச்சு. வட்டி கட்டவே சரியாப் போனா, கடையைப் புதுசாக்கக் காசு ஏது?

அந்தத் தெருவுல இன்னிக்கும் விளக்குக்கும் கூட்டத்துக்கும் குறைச்சல் இல்லை. ராட்டினம்தான் இல்லை. பொம்மை வீட்டுக்கே வந்துடும். 'அம்மா, அது வேணும்'னு கடை வாசல்ல அழுது புரள்ற சுகம் எந்த பார்சல்ல வரும்?