தொட்டிலும் வைத்தியமும்

"பெண்கள் வைத்தியம் கற்றுப் பயனென்ன? கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் தொழிலை விட்டுவிடுவார்கள்" என்னும் பேச்சு நமக்குப் புதிதன்று. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு முதல் சர்வகலாசாலை வைத்திய வகுப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமே என்று வரையறுத்திருந்தார்கள். 2003ஆம் ஆண்டில்தான் அவ்விதி நீங்கிற்று. விதி நீங்கினும் எண்ணம் நீங்கியபாடில்லை. பிள்ளை பெற்றபின் நாம் ஓர் உத்தியோகத்திற்கு விண்ணப்பித்தபொழுது, "பிள்ளைகள் எத்தனை?" என்று குறையைக் கணக்கிடுவார்போல் வினவினர். உடன் விண்ணப்பித்த ஆண்மக்களிடம் அதனைக் கேட்டாரில்லை.

தாய்மை தொழிலுக்குத் தடை என்பார்க்கு நாம் கூறுவது, அது தொழிலுக்கு ஒரு பயிற்சியும் ஆகும் என்பதே.

வீட்டில் இரு பிள்ளைகளும் ஒரே இரவில் சுரமாய்க் கிடந்தபொழுது, வீரிட்டு அழுத மூத்தவனைவிட, அழாமல் துவண்டு கிடந்த இளையவளிடமே நம் கண் சென்றது. ஆஸ்பத்திரியிலும் அப்படியே, கூச்சலிடுவோர் கவனத்தை இழுப்பர், ஓசையற்றுக் கிடப்பவரே பேராபத்தில் இருக்கக்கூடும். டெங்கிக் காய்ச்சலிலோ சூடு தணியும் வேளையிலேயே அபாயம் தொடங்குவதுண்டு. அன்று "சுரம் விட்டது" என்று மகிழ்ந்திராமல், பிள்ளை நீர் அருந்தியதா, சிறுநீர் கழித்ததா, விளையாட எழுந்ததா என்று கேட்டல் வேண்டும். இக்கேள்விகள் புத்தகத்திலும் உள. விடை வரும்வரை விடாது கேட்கப் பழகியது வீட்டிலேதான்.

ஒரு வயது நிரம்பாத சிசு, இரண்டு மாதம் கடந்ததாயின், நிமிஷத்திற்கு 50 முறை அல்லது அதற்குமேல் மூச்சுவிட்டால் அது வேகமூச்சு. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 முறை. அலறும் குழந்தையிடம் இதனை எண்ண முடியுமோ? தாயின் மடியிலேயே இருக்கவிட்டு, முதலில் மூச்சை எண்ணி, காதையும் தொண்டையையும் கடைசியில் பார்த்தல் வேண்டும். "எந்தக் காதை முதலில் பார்ப்போம்?" என்றால், குழந்தை சண்டையை மறந்து காதைத் தேர்ந்தெடுக்கும். சோறூட்டுகையில் நாம் கற்ற தந்திரம் இது!

ஊசி வேண்டாமென்று மறுக்கும் நீரிழிவுக்காரரான முதியவரைக் குழந்தையாக நடத்தச் சொல்லவில்லை. கட்டளைக்கு எவரும் மனமுவந்து பணியார், காரணம் கூறிக் காத்திருந்தால் செவிசாய்ப்பர் என்பதையே பிள்ளைகள் நமக்குக் கற்பித்தனர்.

பிள்ளை பெறாதோர் நல்ல வைத்தியராகார் என்பது நம் கருத்தன்று. இத்திறமை கருப்பையில் ஊறுவதன்று. கண்விழித்துக் காப்பதில் விளைவது. ஆண்மக்களும் கண்விழிக்கலாமே! நாம் இரவு வேலைக்குச் சென்ற நாட்களில் பாற்புட்டி காய்ச்சியவர் நம் வாழ்க்கைத்துணைவர். அண்டையார் பரிகசித்தனர், அவர் பொருட்படுத்தவில்லை. அவர் அன்று நாணியிருந்தால் நம் தொழில் அன்றே முடிந்திருக்கும்.

ஆதலின், உத்தியோகம் வழங்குவோர் இனியேனும் கேள்வியை மாற்றுவார்களாக. "பிள்ளைகள் எத்தனை?" என்பதை விடுத்து, "பிள்ளை வளர்த்து என்ன கற்றீர்?" என்று கேட்கட்டும். ஆண்களிடமும் கேட்கட்டும்.