மஞ்சப்பையில் வந்த மாத்திரைகள்

கொஞ்சம் கூச்சமான விஷயம், நீளமான இழை. வீட்ல யாருக்காவது சர்க்கரை இருந்தா பொறுமையா படிங்க. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் வேலை பார்ப்பது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம். சாமை அறுப்பு முடிந்த நேரம். ஓ.பி.யில் ஒரு அக்கா வந்து மஞ்சப்பையை மேஜை மேல் கவிழ்த்தார். பிரிக்காத மெட்ஃபார்மின் அட்டைகள், பிரஷர் மாத்திரை அட்டைகள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே போய்க் கொடுத்தவை. சாமைப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாராம் அவர் கணவர். பக்கத்தில் தலை குனிந்து நின்றவருக்கு வயது 48. காலில் சின்னதாக ஒரு புண். சர்க்கரை 380.

நானும் வழக்கம் போலக் கத்தினேன். "காலையே எடுக்க வேண்டி வரும், தெரியுமா?" அவர் வாயே திறக்கவில்லை.

அக்காவை ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு லேப் பக்கம் அனுப்பிவிட்டு, குரலைக் குறைத்துக் கேட்டேன். "அண்ணா, மாத்திரை போட்டா என்ன ஆகும்னு பயப்படறீங்க?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். "இந்த மாத்திரைதான் சார் என்னைக் கெடுத்துடுச்சு. பொண்டாட்டிகிட்ட போக முடியல. ரெண்டு வருஷமாச்சு."

கீழே டவுனில் ஒரு லாட்ஜில் மாதம் ஒருமுறை வரும் வைத்தியரிடம் லேகியத்துக்காக ஒரு பசு மாட்டையே விற்றிருக்கிறார். இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். இப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லிருந்து சட்டம் இருக்கு. சுவரொட்டிகளும் இருக்கு!

அந்த அண்ணன் பல மாதங்களாக என் ஓ.பி.க்கு வந்து போனவர். கால் மரத்துப் போகுதா, கண் மங்குதா என்று கேட்ட நான் இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தப் பசு கொட்டகையிலேயே இருந்திருக்கும்.

அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். கெடுத்தது சர்க்கரை. அது பொடி நரம்புகளையும் சின்ன ரத்தக் குழாய்களையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். விறைப்புக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான். இதயத்தின் குழாய் 3, 4 மில்லிமீட்டர். அடைப்பு முதலில் எங்கே தெரியும்? பல ஆண்களுக்கு மாரடைப்பு வருவதற்குச் சில வருஷம் முன்னாடியே இந்தக் குறை ஆரம்பிச்சிருக்கும். அதனால இது இதயத்தையும் பார்க்கச் சொல்ற எச்சரிக்கை. சில பிரஷர் மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கலாம். அதுக்காக நீங்களா நிறுத்தாதீங்க, மாத்திக் கொடுக்க வேற மருந்து இருக்கு.

'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. சிறுநீரகம் கெட்டவரை யாரும் 'குறைந்தவர்' என்று சொல்வதில்லையே.

அவர் அனுமதியோடு அக்காவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதுக்கா சார் ரெண்டு வருஷமா திண்ணையில படுத்தாரு? கீழ யாரோ ஒருத்தி இருக்கான்னு நெனச்சுல்ல அழுதுட்டு கெடந்தேன்."

முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் தொடுவதை நிறுத்தியிருக்கிறார். தொட்டால் எதிர்பார்ப்பாளோ என்று பேசுவதையும் நிறுத்தியிருக்கிறார். அந்த அக்கா இழந்தது ராத்திரியை மட்டும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, சந்தைக்குச் சேர்ந்து போவது, எல்லாமே போயிருந்தது.

மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-லேயே ஒரு வழி எழுதி வைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு உடலுறவே வேண்டாம் என்று ரெண்டு பேரும் பேசி முடிவு செய்யணும். தொடுவது, தடவிக் கொடுப்பது மட்டும். பரீட்சையே இல்லை என்றால் தோற்கிற பயமும் இல்லை. இதை மலைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கால் புண் கண்ணில் பட்டது.

"அக்கா, அவரை உள்ள படுக்கச் சொல்லுங்க. தினமும் ராத்திரி அவர் பாதத்தை வெளிச்சத்துல பாருங்க. புண்ணையும் விரல் இடுக்கையும் விட்டுட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்க. ஒரு மாசத்துக்கு வேற எதுவும் வேணாம்."

சர்க்கரைக் காலுக்கு எப்படியும் சொல்ல வேண்டிய அறிவுரைதான் அது.

அடுத்த மாதம் புண் ஆறியிருந்தது. சர்க்கரை 190. ஈ.சி.ஜி. பார்த்து, நெஞ்சு வலி இல்லை, நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எதுவும் எடுப்பதில்லை என்று உறுதி செய்த பிறகே சில்டெனாஃபில் ஆறு மாத்திரை எழுதினேன். நைட்ரேட்டோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீங்க. சர்க்கரைக்காரர்களுக்கு இது எல்லோருக்கும் வேலை செய்யாது, அதையும் மறைக்காமல் சொன்னேன். ஆசையும் தொடுதலும் இல்லாமல் வெறும் மாத்திரை எதுவும் செய்யாது என்பதையும்.

போன வாரம் ரெண்டு பேரும் வந்தார்கள். கையில் ஒரு பலாப்பழம். "மாத்திரை எப்படிண்ணா?" என்றேன்.

"ஆறுல நாலு மிச்சம் இருக்கு சார்."

"வேலை செய்யலையா?"

அவர் பதில் சொல்வதற்குள் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாலு நாளா எண்ணெய் தீர்ந்துடுச்சு சார்," என்றார் அவர். "அதை வாங்கத்தான் சந்தைக்குப் போறோம்."