மாமியும் உடன் வரட்டும்

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் நம் இல்லங்களில் பயணப் பேச்சும் தொடங்கிவிடும். உடனே முழங்கால் வலியுள்ள பெரியவர், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்பார். அச்சொல்லை அப்படியே ஏற்றுவிடாதீர்கள். பிறருக்குச் சுமையாகிவிடுவோமோ என்னும் கூச்சம்தான் பெரும்பாலும் அவ்வாறு பேச வைக்கிறது.

78 வயதான என் மாமியைச் சென்ற ஆண்டு அழைத்துச் சென்றோம். மலையேறிச் செல்ல வேண்டிய செண்பகாதேவி அருவியைத் திட்டத்திலேயே சேர்க்கவில்லை. பிள்ளைகளுக்கு மனக்குறைதான், இருக்கட்டும். பேரருவியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஐந்தருவிக்கு, கூட்டம் சேருமுன் காலையிலேயே காரில் சென்றோம். ஈரப்பாறை வழுக்கும் ஆதலால் மாமியை நீராட அழைக்கவில்லை. சாரல் படும் தொலைவில் மடக்கு நாற்காலியிட்டு அமர்த்தினோம். முறைவைத்து ஒருவர் உடனிருந்தோம். முதியோரைப் பைகளுக்குக் காவலாக்கிவிட்டு நாம் குளிக்கப் போவது அழகா, சொல்லுங்கள்?

வெளியில் சொல்லாத துன்பம் ஒன்று உண்டு. வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்றஞ்சி முதியோர் பலர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவர். அதனால் தலைசுற்றலும் மயக்கமும் வரக்கூடும். ஆகவே, எங்கெங்கே வண்டி நிற்கும் என்பதைப் புறப்படுமுன்பே அவர்களிடம் கூறிவிடுங்கள். தங்கும் அறை தரைத்தளத்தில் இருக்கிறதா, உட்காரும் வகைக் கழிப்பறை உண்டா, உளூச் செய்யுமிடம் வழுக்காதா என்றும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

திரும்பும் வழியில், தென்காசியில் மாமி தாமாகவே தேநீர் கேட்டார்கள். இரண்டு குவளை அருந்தினார்கள்.