உம் கொட்டும் கூட்டம்

ஐ.இ.டி.எஃப். கூட்டங்களில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒரு விஷயத்தில் அறையின் மனநிலை என்ன என்று தெரிய வேண்டுமானால், 'சரி என்பவர்கள் ஹம் செய்யுங்கள்' என்பார் தலைவர். வாயைத் திறக்காமல் பல தொண்டைகளிலிருந்து ஒரு 'ம்ம்ம்' எழும். அடுத்து, வேண்டாம் என்பவர்களின் 'ம்ம்ம்'. பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டுவோமே, ஏறக்குறைய அதே சத்தம். யார் எந்தப் பக்கம் என்று முகம் பார்த்துச் சொல்ல முடியாது. இன்டர்நெட்டின் விதிகள் இப்படித்தான் முடிவாகின்றன என்று முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்டர்நெட் என்ஜினியரிங் டாஸ்க் ஃபோர்ஸ் என்பது முழுப்பெயர். 1986 ஜனவரியில் சான் டியேகோவில் 21 பேரோடு தொடங்கியது. இன்று ஆண்டுக்கு 3 முறை, நேரிலும் ஆன்லைனிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வாரம் கூடுகிறார்கள். உறுப்பினர் அட்டை கிடையாது. நிறுவனத்தின் பிரதிநிதியாக இல்லாமல், தனி ஆளாகத்தான் பேச வேண்டும். முடிவுகள் ஆர்.எஃப்.சி. என்ற பெயரில் வெளியாகும். யாரும் காசில்லாமல் படிக்கலாம். முதல் ஆர்.எஃப்.சி.யை 1969 ஏப்ரலில் எழுதிய ஸ்டீவ் கிராக்கர் அப்போது மாணவர். கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதனால் 'கருத்துச் சொல்லுங்கள் என்ற வேண்டுகோள்' என்று தலைப்பு வைத்தார். அந்தப் பணிவு பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கூட்டம் இந்தியாவில் இதுவரை நடந்ததில்லை. 2025 மார்ச்சில் 122ஆவது கூட்டம் பாங்காக்கில் என்று அறிவித்ததும், இதைவிட்டால் பக்கத்தில் வராது என்று கிளம்பிவிட்டேன். கட்டணம், டிக்கெட், அறை எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம். பாதியை ஆபீஸில் கொடுத்தார்கள். மீதி என் சேமிப்பு. "அங்க போய் என்னம்மா பண்ணப் போற?" என்று அப்பா கேட்டார். "கேக்கப் போறேன்" என்றேன்.

சென்னைப் புறநகரில் வீடுகளுக்கு ஃபைபர் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க் என்ஜினியராக இருக்கிறேன். பாதி நாள் நைட் ஷிஃப்ட். எங்கள் தலைவலிகளில் பெரியது முகவரிப் பஞ்சம். ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம். மொத்தமே சுமார் 429 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏபிநிக்கில் 2011 ஏப்ரலிலேயே தாராளமாகக் கொடுக்கும் காலம் முடிந்து, பங்கீடு தொடங்கிவிட்டது. அதனால் எங்களைப் போன்றவர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைத்துச் சமாளிக்கிறோம். ஒண்டுக்குடித்தனம் மாதிரி. வாசலில் ஒரு கதவு எண், உள்ளே இருபது குடும்பம். ஒருத்தர் சேட்டை செய்து ஏதாவது ஒரு தளம் அந்த எண்ணைத் தடை செய்தால், இருபது வீட்டுக்கும் அந்தத் தளம் திறக்காது. எங்களுக்கு போன் வரும்.

இதற்குத் தீர்வு 128 பிட் நீளமுள்ள ஐபிவி6. அதன் விவரக்குறிப்பு 1995லேயே வந்துவிட்டது. இந்தியாவின் மொபைல் நெட்வொர்க்குகள் அதை வேகமாக எடுத்துக்கொண்டன. வீட்டு இணைப்புகளில்தான் இழுபறி. பாங்காக்கில் அதைப் பற்றிப் பேசும் பணிக்குழுக்களின் அறைகளிலேயே பெரும்பாலும் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே வைஃபையிலேயே ஐபிவி6 மட்டும் ஓடும் ஒரு தனி இணைப்பு உண்டு. போனை அதில் போட்டு அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டேன். அம்மா தெரிந்தார். ஆனால் லேப்டாப்பில் ஆபீஸ் விபிஎன் எழவே இல்லை. மாநாட்டின் சாரம் எனக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

ஓர் அமர்வில், வீட்டு ரவுட்டர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பேச்சு வந்தது. இந்த ஆவணங்களில் 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' என்ற மூன்று சொற்களைப் பெரிய எழுத்தில் போட்டால் தனிப் பொருள். மஸ்ட் என்றால் தப்பிக்கவே வழியில்லை. திரையில் ஒரு மஸ்ட் வந்தது. அடுத்தடுத்துப் பேசியவர்கள், ரவுட்டருக்கு நிறுவனமே சாஃப்ட்வேர் அப்டேட் அனுப்பிவிடும் என்று வைத்துக்கொண்டே பேசினார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. போனில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து மைக் வரிசையில் பெயர் கொடுத்தேன். முன்னால் நான்கு பேர். இறங்கிவிடலாமா என்று நான்கு முறையும் தோன்றியது.

என் முறை வந்ததும் பெயரைச் சொல்லிவிட்டு, உள்ளதைச் சொன்னேன். எங்கள் பகுதியில் நிறைய பேர் ரவுட்டரைத் தாங்களே வாங்குகிறார்கள், பலர் ரிச்சி ஸ்ட்ரீட்டில், சிலர் பழசாக. அதற்கு அப்டேட் வந்து வருஷக்கணக்காகிறது. அந்தப் பெட்டி உங்கள் மஸ்ட்டைப் படிக்கப் போவதில்லை. அது வீட்டில் இருக்கும்போது நெட்வொர்க் பக்கம் நாங்கள் என்ன செய்வது என்று ஒரு பத்தியாவது வேண்டும்.

வரைவை எழுதியவர் தலையாட்டினார். "நல்ல பாயின்ட். வாசகமா எழுதி அனுப்புங்க" என்றார். அங்கே இது சம்பிரதாயமான பதில் என்று பிறகு தெரிந்தது. குறை சொன்னவருக்கே வேலையைக் கொடுத்துவிடுவார்கள்.

1992இல் டேவிட் கிளார்க் இந்தக் கூட்டத்தில் ஒரு கொள்கையைச் சொன்னார். ராஜாவும் வேண்டாம், ஜனாதிபதியும் வேண்டாம், ஓட்டும் வேண்டாம்; தோராயமான ஒத்த கருத்தும் ஓடுகிற கோடும் போதும் என்பது அதன் சாரம். 2014இல் வந்த ஆர்.எஃப்.சி. 7282 இதை விளக்குகிறது. எத்தனை பேர் ஹம் செய்தார்கள் என்பது கணக்கில்லை. எழுந்த ஆட்சேபத்துக்குப் பதில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. நூறு பேர் ஒரு பக்கம் நின்றாலும், எதிரே ஐந்து பேர் சொல்லும் சரியான காரணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'மேலே சொல்லிட்டாங்க' என்பதைக் கேட்டே வேலை பழகிய எனக்கு இது புதிது.

ஆனால் ஆட்சேபம் எழ ஆள் வேண்டுமே. அறையில் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் பயணச் செலவில் வந்தவர்கள். ஆன்லைனில் இருப்பவரின் 'ம்ம்ம்' அறைக்குக் கேட்காது என்பதால் இப்போது பல குழுக்களில் திரையில் பொத்தான் அமுக்குகிறார்கள். மின்னஞ்சல் குழுவிலும் யாரும் எழுதலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. இருந்தாலும் காபி இடைவேளையில் மூன்று பேர் நின்று பேசித் தீர்ப்பதை வீட்டிலிருந்து கேட்க முடியாது. தெருவில் ஃபைபர் ஒட்டுகிறவருக்குத் தெரிந்தது அந்த அறைக்கு வராமலே போகலாம். அவர் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அவர் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஊர் திரும்பி ஆறு வரி எழுதி மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் எங்கிருந்தோ ஒருவர் கேட்டார்: எந்தெந்த மாடல்கள், எத்தனை வீடுகளில்? நியாயமான கேள்வி. எங்கள் லைன்மேன் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"கம்ப்ளைன்ட்டுக்குப் போற வீட்டுலலாம் ரவுட்டரத் திருப்பி, பின்னாடி இருக்கற ஸ்டிக்கர போட்டோ புடிச்சு அனுப்பறேன் மேடம். போதுமா?"

இதுவரை 63 போட்டோ வந்திருக்கிறது.