கஜாவுக்குப் பிறகு: சில குறிப்புகள்

2018 நவம்பர் 16, விடியுமுன் கஜா புயல் கரை கடந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே. காற்று பிடிக்கும் முன்பே கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் விழுந்தன என்று கணக்கு. எங்கள் தெருக் கணக்கு: நின்றது ஒன்று. அதுவும் வேப்பமரத்தின் மேல் சாய்ந்தபடி.

முதல் நாள் மெழுகுவர்த்தி தேடினார்கள். மறுநாள் தண்ணீர்.

வயலெல்லாம் வெள்ளம். மேல்நிலைத் தொட்டி காலி. மோட்டார் ஓடினால்தானே.

அடிபம்பைப் பிடுங்கிவிட்டு மோட்டார் இறக்கிய வீடுகள்தான் அதிகம். பிடுங்காத ஒரு வீட்டு வாசலில் குடங்கள் வரிசை. அந்த வீட்டு அப்பாயி யாரையும் தடுக்கவில்லை. வாஷர் தேயுமே என்று மட்டும் முணுமுணுத்தது.

இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்கள் முதல் ராத்திரி ராஜா. 150 ஏஎச் பேட்டரியில் இரண்டு ஃபேன், இரண்டு லைட் போட்டால் விடியும்வரை தாங்குவதே பெரிது. திரும்ப சார்ஜ் ஏற்றவும் கரண்ட் வேண்டும்.

மைக்செட்காரர் ஜெனரேட்டர் டாட்டா ஏஸில் தெருத்தெருவாக வந்தது. தொட்டி நிரப்ப இவ்வளவு என்று கூலி. பேரம் உண்டு.

டிராக்டர் பேட்டரியில் செல்போன் சார்ஜ். மாறிப்போகாமல் இருக்க, பின்பக்கம் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. டவர் இல்லை. ஆனாலும் எல்லோரும் சார்ஜ் போட்டார்கள்.

மிக்சி ஓடாது. அம்மி கொல்லையில் கிடந்தது, கால் கழுவும் கல்லாக. கொத்தி எத்தனை வருஷமோ. சட்னியில் மண் நறநற.

ஃப்ரிட்ஜ் நின்றதும் பக்கத்து வீட்டு மாமாவுக்கு இன்சுலின் கவலை. மருந்துக்கடைக்காரர் வழி சொன்னார்: மண்பானையில் ஈர மணல், நடுவில் டம்ளர், டம்ளருக்குள் குப்பி. திறந்த குப்பி வெயில் படாமல் இருந்தால் வெளியிலேயே ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் மாமா சாப்பிட உட்கார்ந்தார்.

அறுந்து கிடந்த கம்பிகளை முதலில் பயந்து பயந்து தாண்டினார்கள். அப்புறம் அதில் துணி காய்ந்தது.

வளர்பிறை. அது ஒரு சகாயம்.

23ஆம் தேதி கார்த்திகை தீபம். மற்ற வருஷம் தெருவிளக்கு வெளிச்சத்தில் அகல் எடுபடாது. இந்த வருஷம் எண்ணெய்க்கு யோசனை. பல வாசல்களில் ஒன்றே ஒன்று.

கம்பம் ஏற்றிவந்த லாரி வயலில் இறங்காது. முழங்கால் சேற்றில் தோளில் தூக்கிப் போனார்கள். வெளிமாவட்ட ஆட்கள். கேரளத்திலிருந்தும் வந்திருந்தார்கள், அவர்கள் ஊரில் ஆகஸ்டில்தான் பெருவெள்ளம்.

அவர்களுக்குச் சோறு போடுவதில் தெருவுக்குத் தெரு போட்டி. மீன்குழம்பு ஜெயித்தது. மாலை போட்டிருந்தவர்களுக்குத் தனியே சாம்பார்.

மெயின் ரோட்டுக்கு முதலில் கரண்ட் வந்தது. காலனிக்குக் கடைசியில். வரிசையை யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்று மறக்காமல் எழுதிவைக்க வேண்டும். ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் கொடுப்பவர்கள் மெயினை அணைத்துவிட்டுக் கொடுங்கள். அணைக்காவிட்டால் அந்த 230 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 ஆகிவிடும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஒருவர் ஏறியிருப்பார்.