ஒரு சின்னப் பெட்டியைத் தேடிப் போன கதை



லீவு வந்தால் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சேர், பிள்ளையிட கையில இருந்து போனை எப்படி எடுக்கிற?" என்பதுதான். என் வீட்டிலும் அதே பிரச்சினை. அதனால் இந்த முறை போனைப் பறிக்கவில்லை. அந்தப் போனையே எடுத்துக்கொண்டு மகனோடு வெளியே இறங்கினேன்.

ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டு. யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை ஓரிடத்தில் மறைத்துவைத்து, அந்த இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோட்டை அப்பில் போடுவார். நாம் போனைப் பார்த்துப் போய்த் தேட வேண்டும். பெட்டிக்குள் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். பெயரும் திகதியும் எழுதிவிட்டு, இருந்த மாதிரியே திரும்ப வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் விளையாட்டுச் சாமானில் ஒன்றை எடுத்தால், அதே பெறுமதியில் ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

இது தொடங்கியது 2000 மே மாதம். அதுவரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜீபீஎஸ் சிக்னலை வேண்டுமென்றே பிழையாக்கி வைத்திருந்தது. இடம் நூறு மீற்றர் வரை தள்ளிக் காட்டும். மே 2ஆம் திகதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை மறைத்துவைத்து, "கண்டுபிடியுங்கள் பார்ப்போம்" என்று இணையத்தில் எழுதினார். சில நாட்களுக்குள் கண்டுபிடித்தும் விட்டார்கள். இன்று உலகம் முழுக்க முப்பது இலட்சத்துக்கு மேல் பெட்டிகள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அப்பில் திருகோணமலை டவுன் பக்கம் கடற்கரையோரமாக ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. பாலத்தைக் கடந்து போனோம். புள்ளிக்குக் கிட்டப் போனதும் அம்புக்குறி ஆடத் தொடங்கிவிட்டது. போன் ஐந்து மீற்றர், மரத்தடியில் பத்து மீற்றர் பிழைவிடும். அதற்குப் பிறகு கண்ணும் புத்தியும்தான். நான் ஒரு மதிலைத் தடவுகிறேன், மகன் கல்லுக்குக் கீழே பார்க்கிறான்.

ஒருவர் வந்து நின்றார். "என்ன தேடுறீங்க?"

நான் விளக்கினேன். என் தாடியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகவும் இல்லை. நாங்கள் தேடாமலே திரும்பிவிட்டோம்.

வரும் வழியில் மகன் கேட்டான், "வாப்பா, நாம என்ன பிழை செஞ்சம்?"

பிழை ஒன்றும் செய்யவில்லை, உண்மைதான். ஆனால் அந்த மனிதரையும் எனக்குக் குறை சொல்ல முடியவில்லை. குண்டுகளைக் கண்ட நாடு இது. மதிலோரம் குனிந்து எதையோ தேடுபவனைக் கண்டால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். வெளிநாட்டில் இந்த விளையாட்டின் ருசியே ஆருக்கும் தெரியாமல் தேடுவதில்தான். நமக்கு அது சரிவராது. நாம் சொல்லிவிட்டுத்தான் தேட வேண்டும்.

அன்று இரவு என் வாப்பாவை நினைத்துக்கொண்டேன். கொட்டியாரக் குடாவில் வலை போட்டவர். கரையில் ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு மினாராவும் ஒரே நேரில் தெரிய வேண்டும். மற்றப் பக்கம் இன்னும் இரண்டு அடையாளம் அதேபோல ஒரே நேரில் தெரிய வேண்டும். அந்த இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம் போடுவார். ஜீபீஎஸ் இல்லாமலே நடுக்கடலில் தன் இடத்துக்குப் போய்ச் சேருவார். அந்த இடங்களை நான் ஒருநாளும் கேட்டு எழுதிவைக்கவில்லை. அவர் மௌத்தானதோடு அவையும் போய்விட்டன.

அடுத்த நாள் அதிபரிடம் அனுமதி கேட்டு, பாடசாலை வளவுக்குள் நானே ஒரு லன்ச் பொக்ஸை மறைத்தேன். பெயரும் "இது விளையாட்டுப் பெட்டி" என்ற குறிப்பும் வெளியே பெரிதாக எழுதினேன். பத்துப் பிள்ளைகள் தேடினார்கள். ஒரு கலை என்பது நிலத்தில் ஏறக்குறைய 1.85 கிலோமீற்றர்; அதன் மூன்றாம் தசமம் இரண்டு எட்டு. பல வருடம் கரும்பலகையில் எழுதிப் புரியாதது, மாமரத்தடியில் பத்து நிமிடத்தில் புரிந்தது.

பிறகு பெட்டியே இல்லாத ஒரு தேடல் கொடுத்தேன். "2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் முன் பாதை எந்த இடத்தில் கரை தட்டியது? மூத்தம்மாவிடம் கேட்டு, அங்கே போய் நின்று, எண்ணைக் குறித்து வா." பாலத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகள் அவர்கள். ஒரு மூத்தம்மா பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்து இடத்தைக் காட்டினார்.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்:

கிப்லா பார்க்கிற அதே போன் போதும், வேறு சாமான் தேவையில்லை. முதலில் பெரிய பெட்டியும் இலேசான இடமும் பாருங்கள். அப்பில் கடினமும் தரையும் ஒன்று முதல் ஐந்து வரை போட்டிருக்கும். இரண்டும் ஒன்று, ஒன்றரையில் இருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். பேனை கொண்டுபோங்கள். முகாம், துறைமுகம், வணக்கத்தலம், மற்றவர் காணி பக்கம் அனுமதியில்லாமல் வேண்டாம். பற்றைக்குள் அறியாத பொருளைக் கண்டால் தொடவே வேண்டாம், நம் மாவட்டம் போர் நடந்த மாவட்டம். தண்ணீரோரம் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். 2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணியை நாம் மறக்கவில்லை.

கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்றே பதியுங்கள். நானும் டவுன் பெட்டிக்கு அப்படித்தான் பதிந்தேன். இன்ஷா அல்லாஹ் இன்னொரு முறை போவோம். இந்த முறை பக்கத்துக் கடைக்காரருக்குச் சலாமோ வணக்கமோ சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு தேடுவோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி எழுதாத இடங்கள் இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். தெரிந்த பழைய இடம் ஒன்றைக் கீழே எழுதுங்கள், அடுத்த தேடல் அதுவாக இருக்கட்டும்.