அண்ணம் செய்யும் பத்தர்

நண்பரின் சித்தப்பாவுக்கு மேல்தாடையில் புற்றுநோய். இடப்பக்கத் தாடையை அண்ணத்தோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தடுப்பு இல்லாமல் போனதால், குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பேசினால் பெற்ற பிள்ளைகளுக்கே புரியவில்லை. பந்தியில் முதல் ஆளாக உட்காருகிற மனிதர், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சி குடித்தார். சில மாதங்கள் கழித்து அவரே எனக்குத் தொலைபேசியில் பேசினார், கணீரென்று. வாயில் மாட்டியிருக்கும் பல்செட்தான் காரணம் என்றார். அதைச் செய்தவரைப் பார்க்க ஆசைப்பட்டேன். நண்பர் அழைத்துப் போனார்.

வட சென்னையில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன பல் லேப். படியேறும்போதே அக்ரிலிக் திரவத்தின் நெடி மூக்கில் ஏறியது. மேசை முழுக்கப் பல் மாடல்கள். பெரும்பாலானவை சாதாரண பல்செட் வேலைகள். ஜன்னலோரம் தனியாக வைத்திருந்த மாடல்களில் மட்டும் அண்ணத்தில் பெரிய பள்ளம் தெரிந்தது. "இதெல்லாம் கேன்சர் கேஸுங்க சார்" என்றார் அண்ணன். அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பள்ளத்தை அடைக்கும் கருவிக்கு ஆப்டுரேட்டர் என்று பெயர். பல்செட் மாதிரிதான் இருக்கும். மேலே ஒரு குமிழ் மட்டும் கூடுதல். 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே, உலோகத் தகட்டில் கடற்பஞ்சு பொருத்தி அண்ண ஓட்டையை அடைத்திருக்கிறார். இன்று மூன்று கட்டமாகச் செய்கிறார்கள். முதல் தகடு அறுவை மேசையிலேயே மாட்டப்படும். புண் ஆறும் காலத்துக்கு இரண்டாவது. எல்லாம் ஆறி, வாயின் வடிவம் நிலைத்த சில மாதங்களுக்குப் பிறகு நிரந்தரமானது.

மாடல் ஊற்றுவது, மெழுகில் பல் அடுக்குவது எல்லாம் வழக்கமான பல்செட் வேலைகள். என்னை நிறுத்தி வைத்தது அந்தக் குமிழ்தான். உள்ளே கெட்டியாக இருந்தால் கனம் தாங்காது. மறுபக்கத்தில் மிச்சமிருக்கும் நான்கைந்து பற்களைப் பிடித்துத்தான் அது நிற்க வேண்டும்; கனம் இழுத்தால் அந்தப் பற்களும் ஆடிப்போகும். அதனால் குமிழ் உள்ளே கூடாக இருக்க வேண்டும். எப்படி? அண்ணன் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். சமையல் உப்பு.

அச்சுக்குள் அக்ரிலிக் மாவை மெல்லிசாகப் பரப்பி, நடுவில் உப்பைக் கொட்டி, மேலே மறுபடி மாவு வைத்து மூடுகிறார். பிளாஸ்க் எனும் பித்தளை அச்சுப் பெட்டியை இறுக்கி வெந்நீரில் வேக வைக்கிறார். வெந்து இறுகியதும் குமிழின் உச்சியில் சின்னத் துளை போட்டு, சிரிஞ்சால் தண்ணீர் செலுத்துகிறார். உப்பு கரைந்து வெளியேற, உள்ளே வெற்றிடம் மிஞ்சுகிறது. காய வைத்துத் துளையை அடைத்து, தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கிறார். ஒரு காற்றுக் குமிழி வந்தாலும் மறுபடி வேலை. "உள்ள எச்சி எறங்கிச்சுன்னா நாத்தம் அடிக்கும் சார். ஏற்கெனவே நொந்து போன மனுஷன். பக்கத்துல உக்கார்றவங்க மூஞ்சியச் சுளிச்சா, கழட்டி வெச்சிட்டுப் பழையபடி ரூமுக்குள்ள போயிருவாரு."

அண்ணனின் அப்பா காரைக்குடிப் பக்கம் நகைப் பத்தர். மெழுகில் உரு செய்து உலோகம் வார்ப்பதைச் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்தவர் இவர். மெஷின் நகைகள் வந்து பட்டறை படுத்ததும், யாரோ சொல்லி டென்டல் மெக்கானிக் பயிற்சியில் சேர்ந்தார். இரண்டு வருடப் படிப்பு. "தங்கத்துல அரைக்கால் மில்லி தப்பினா உருக்கி ஊத்திக்கலாம். வாயில தப்பினா புண்ணாயிரும், அந்த எடத்துல புண்ணு வந்தா அவங்களுக்குப் பயமும் வந்திரும்" என்றார். தன் வேலையை மாட்டிக்கொண்டவர்கள் சாப்பிடுவதை அவர் பார்த்ததே இல்லை. டாக்டர் மேசையோடு அவருடைய தொடர்பு முடிந்துவிடுகிறது.

கீழ்த்தாடைக் கதை வேறு. அங்கே ஓட்டையை அடைத்தால் போதாது, போன எலும்புக்கு ஈடு வைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து, தாடை வளைவுக்கு வெட்டிப் பொருத்துகிறார்கள். அமெரிக்க மருத்துவர் டேவிட் ஹிடால்கோ 1989-ல் இதைத் தாடைக்குச் செய்து காட்டினார். அந்தக் கால் எலும்பில் டைட்டானியம் திருகுகளை இறக்கினால், அதன்மேல் பல் நிற்கும். கதிர்வீச்சு வாங்கிய எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். திருகு போடுவதற்கு முன் மருத்துவர்கள் பலமுறை யோசிப்பது அதனால்தான்.

டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் கண்டறிந்தார். 1965-ல் அவர் இந்தத் திருகை, அதாவது இம்பிளான்டை, பொருத்திய முதல் மனிதர் யோஸ்டா லார்சன், பிறவியிலேயே தாடையும் அண்ணமும் குறைபட்டவர். சரியாக மெல்லவும் பேசவும் முடியாத ஒருவருக்கு முதலில் உதவிய தொழில்நுட்பம் அது. இன்று நம் ஊர் விளம்பரப் பலகைகளில் அது வெள்ளைப் புன்னகை விற்கிறது. தாடை இழந்தவர் விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்.

அந்த விலையில் அண்ணனுக்கு வருவது என்ன? எண்ணிக்கைக் கூலி. ஆப்டுரேட்டருக்கு வழக்கமான பல்செட்டைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கிறது. கூலி அந்த அளவுக்கு உயர்வதில்லை. திருகு விற்கும் டீலருக்குப் பங்கு உண்டு. லேப்புக்குக் கேஸ் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் உண்டு. நோயாளியின் வாயைத் தன் விரல்நுனியில் அறிந்திருப்பவருக்குத்தான் மிச்சம் மீதி. அவர் மகன் இந்த வேலைக்கு வரவில்லை. எப்படி வருவான்? உயிர் காத்த மருத்துவரை நாம் கும்பிடுகிறோம், சரிதான். அந்த உயிர் மறுபடி சோறு தின்னவும் பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் வழி செய்தவருக்குக் கூலியைக்கூட நியாயமாகக் கொடுக்கவில்லை என்றால், அது திருட்டு. வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

நோயையே தடுக்க முடியாதா என்றால், பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்திவிட்டது. பாக்கு கலந்த குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தது. இருந்தும் அண்ணனின் ஜன்னலோரத்தில் பள்ளம் விழுந்த மாடல்கள் குறையவில்லை. பல்லும் அண்ணமும் அழகுச் சமாசாரம் என்ற எண்ணத்தை நம் மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டங்களும் கைவிட வேண்டும். தாடையை எடுக்கும் சிகிச்சையில், அதைத் திருப்பி வைக்கும் செலவும் சேர்ந்ததுதான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தாடை அறுவை என்று தேதி குறித்தால், அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் அழைத்துப் போய் வாய்க்கு அளவு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய வாயின் மாடல் கையில் இருந்தால், முதல் தகடு அறுவை மேசையிலேயே தயாராக இருக்கும். "வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு அளவு எடுத்துக் குடுத்துட்டா போதும் சார்" என்று அண்ணன் கேட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான்.